கரி போகக் கழுவிய சட்டிகள்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். கவலை வந்தாலும் அதேதான். என் கணவர் இதைக் கல்யாணமாகி ஒரு மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். குசினிக்குள் சத்தம் பலமாகக் கேட்டால் பத்திரிகையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவார். இந்தக் குணத்தால் எங்கள் வீட்டில் பெரிய நட்டம் எதுவும் வந்ததில்லை. ஒரே ஒருமுறை, எழுபதுகளின் நடுவில், சிட்னியில், ஒரு தெருவையே தேய்த்து அழித்துவிட்டேன்.

அந்தத் தெரு இங்கிலாந்தின் ஒரு சிறு பட்டணத்தில் இருந்தது. அறுநூறு, எழுநூறு வருடத்துக்கு முந்தியது. அது பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலில் சிட்னிக்கு வந்து சேர்ந்ததையும் என் கைகளில் அகப்பட்டதையும் சொல்லுமுன் எங்கள் அறையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாங்கள் இருவரும் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மூவராக வந்திருக்கவேண்டியவர்கள். விசாவுக்கு எடுத்த மார்புப் படத்தில் மகளின் நெஞ்சில் ஒரு நிழல் தெரிகிறது என்றார்கள். ஆறு மாதம் மருந்து கொடுத்துவிட்டு மறுபடி படம் எடுங்கள் என்றார்கள். கணவர் வேலையில் சேரவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. நாலரை வயதுப் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் என் அக்காவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறினோம். ஆறு மாதம்தானே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

நிழல் போய்விட்டது. ஆனால் அதற்குள் கணவர் வேலை செய்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள். அதன்பிறகு அவருக்குக் கிடைத்ததெல்லாம் இன்றைக்கு வா, நாளைக்கு வராதே என்கிற வேலைகள். பிள்ளையைக் கூப்பிடத் தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்காவது நிலையான வேலை இருக்கிறதென்று வேலை கொடுத்தவரிடமிருந்து கடிதம் வேண்டும் என்று குடிவரவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் என் மகள் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தாள்.

சிட்னியின் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு விதவைச் சீமாட்டியின் பழைய வீட்டில், மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். கதவுக்குப் பின்னால் ஒரு அட்டை தொங்கியது. அதில் முதலாவது சட்டம், அறையில் சமைக்கக்கூடாது என்பது. தேநீருக்கு ஒரு மின்சாரக் கேத்தில் வைத்துக்கொள்ளலாம். கீழே அவளுடைய குசினியில் பாண் ரொட்டியை வாட்டலாம், முட்டை அவிக்கலாம். கறி மணம் மட்டும் வரக்கூடாது, அது திரைச்சீலையில் ஏறிக்கொள்ளுமாம். அதை அவள் மிக அன்பாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

செவ்வாயும் சனியும் மத்தியானத்தில் அந்த அம்மா வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு புல்தரையில் பந்து உருட்டும் கிளப்புக்குப் போவாள். வாசல் கேற் சாத்தப்படும் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியிலிருந்து மண்ணெண்ணெய் அடுப்பு வெளியே வரும். ஜன்னலைத் திறந்துவைத்து, கதவிடுக்கில் ஈரத் துவாயைச் செருகி, ஒரு பருப்பும் ஒரு குழம்பும் வைப்பேன். பிறகு தொடங்கும் உண்மையான வேலை. சட்டியின் அடிக்கரி போகத் தேய்த்து, சுவரைத் துடைத்து, தரையில் விழுந்த கடுகைப் பொறுக்கி, அடுப்பைத் துணியில் சுற்றி உள்ளே தள்ளவேண்டும். நாலு மணிக்கு அவள் திரும்பி வரும்போது அந்த அறையில் யாரும் ஒருநாளும் சமைத்ததற்கு அடையாளமே இருக்காது. அதில் நான் தேர்ந்துவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் பல்கலைக்கழகம் ஒன்றில் தோண்டியெடுத்த பொருட்களைக் கழுவ ஆள் தேவை என்ற விளம்பரத்தைக் கணவர் பார்த்தார். ஊரில் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவள் நான். கழுவுகிற வேலையா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகு கடிதத்தை நினைத்துக்கொண்டு போனேன்.

வேலை ஒரு நிலவறையில். என்னை வேலைக்கு எடுத்த பேராசிரியர் உயரமான, மெலிந்த, அறுபதை நெருங்கிய ஆங்கிலேயர். சுவரில் பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டியிருந்தார். அதில் ஏழு கட்டங்கள் வரிசையாக, ஒன்றோடொன்று தோள் ஒட்டியபடி. ஏழும் ஏழு வீடுகள் என்றார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அறை; பன்னிரண்டு அடிக்குப் பதினைந்து அடி. சுவர் களிமண்ணும் வைக்கோலும். தூண்கள் எப்போதோ உக்கிவிட்டன, அவை நின்ற இடத்தில் மண்ணில் கறுப்பு வட்டங்கள் மட்டும் மிச்சம். அந்தக் கறைகளைத் தொட்டுத் தொட்டு இது வாசல், இது சுவர் என்று அவர் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று பின்னேரம் எங்கள் அறையை அடியால் அளந்து பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பதின்மூன்று. அதன்பிறகு சிரிக்கவில்லை.

"கோட்டைகளைப் பற்றியும் தேவாலயங்களைப் பற்றியும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்," என்றார் அவர் ஒருநாள். "இந்தச் சின்ன வீடுகளில் இருந்த கூலிக்காரர்களும் விதவைகளும் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் தெரியவேண்டும்."

அந்த இடத்தில் புதுக் கட்டடம் எழும்பவிருந்ததால் அவசரம் அவசரமாகத் தோண்டியிருக்கிறார்கள். கழுவ நேரமில்லாமல் உடைந்த சட்டி பானைத் துண்டுகளை மண்ணோடே பெட்டிகளில் போட்டு, ஆராய்ந்து தரும்படி இவருக்கு அனுப்பிவிட்டார்கள். மொத்தம் பதினொரு பெட்டி. முதல் நாள் அவர் எனக்குச் செய்து காட்டினார். இளஞ்சூட்டுத் தண்ணீர், மெல்லிய தூரிகை, மண் போனால் போதும். மூன்று மாதம் பார்ப்போம், வேலை திருப்தியென்றால் நிரந்தரமாக்கலாம், கடிதமும் தரலாம் என்றார். அதற்கு அடுத்த கிழமை குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று கிழமை அந்த நிலவறையில் நான் தனியாக இருந்தேன்.

அப்போது அக்காவிடமிருந்து நீல நிற விமான அஞ்சல் கடிதம் வந்தது. அத்தானுக்குச் சாம்பியாவில் ஆசிரியர் வேலை கிடைத்துவிட்டது. ஆவணியில் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். "பிள்ளையை நான் என்ன செய்யிறது? உனக்கு முடியாட்டி கன்னியர்மட விடுதியில விடுறதைத் தவிர வேற வழி தெரியேல்லை. அவள் இப்ப உன்ர படத்தைக் காட்டினாலும் பேசாமல் இருக்கிறாள்," என்று எழுதியிருந்தாள். அந்தக் கடைசி வரியை ஏன் எழுதினாள் என்று அக்காமேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆறு வயதில் விடுதியா? பேன் பார்க்க ஆள் வேண்டாமா? காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் படுப்பது?

அன்றிலிருந்து நான் அந்தச் சட்டித் துண்டுகளைத் தேய்த்தேன்.

மண் போனதும் கரி தெரிந்தது. அடிப்பக்கம் எல்லாம் கன்னங்கரேலென்று, நெருப்பில் நின்று நின்று ஏறிய கரி. சிலவற்றின் உள்ளே ஏதோ கஞ்சி அடிப்பிடித்த பொருக்கு. மண் போனால் போதும் என்று அவர் சொன்னது என் காதில் விழாமலில்லை, விளங்காமலுமில்லை. ஆனால் கரியோடு இருக்கிற சட்டியைக் கழுவியாயிற்று என்று ஒருவருக்குக் காட்ட என் வளர்ப்பு இடம் தரவில்லை. நான் கலியாணம் முடித்துப்போன முதல் கிழமை மாமி குசினிக்குள் வந்து நான் கழுவிவைத்த சட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். ஒரு சட்டியை மட்டும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் பெண்ணை அளப்பது அப்படித்தான். இந்த வெள்ளைக்காரரும் ஒருநாள் வந்து கவிழ்த்துப் பார்ப்பார், என் வேலையின் சுத்தத்தைப் பார்த்து அசந்துபோவார், கையோடு கடிதம் எழுதித் தருவார் என்று நினைத்தேன்.

தூரிகை போதவில்லை. எங்கள் அறை வாசலில் கிடந்த தும்புக் கால்மிதியின் ஒரு மூலையை வெட்டியெடுத்தேன். பூங்காவில் இறைச்சி வாட்டும் அடுப்பிலிருந்து ஒரு பேணி சாம்பல் அள்ளிவந்தேன். புளிக்குப் பதிலாக வினாகிரி. நன்றாகச் சுட்ட மண், கீறாமல் பதமாகத் தேய்த்தால் தாங்கும்; மண்சட்டி எனக்குப் புதிதா? ஒவ்வொரு துண்டாக, மகள் பெயரை மனதுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்த்தேன். சில நாட்கள் அழுதுகொண்டே தேய்த்தேன். பதினொரு பெட்டியும் முடிந்தபோது, மேசை முழுக்கச் செங்கல் நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் துண்டுகள் பளிச்சென்று கிடந்தன. உண்மையைச் சொன்னால், எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார். இவ்வளவு வேகமா என்று ஆச்சரியப்பட்டார். பிறகு கதிரையில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்துக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். மாமியைப் போலவே. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். அன்று மாலைவரை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். நான் கடிதத்துக்காகக் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் அவராகவே சொன்னார். அந்த வீடுகளின் நடுத்தரையைப் பிற்காலத்தில் யாரோ நிலவறை வெட்டும்போது தோண்டி எறிந்துவிட்டார்களாம். அடுப்பு இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும். ஆகவே அந்த ஏழு வீட்டிலும் சமைத்தார்களா இல்லையா என்பதற்குச் சட்டிகளில் படிந்த கரிதான் ஒரே சாட்சி. அந்தக் காலத்துப் பட்டணங்களில் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. ஏழைகள் பணியாரமும் கஞ்சியும் வாங்கித் தின்றுவிட்டு அறையில் படுக்க மட்டும் வந்தார்கள் என்று சொல்கிறவர்கள் உண்டு. "நான் அதை நம்பவில்லை," என்றார். "கரி இருக்கும் என்று நிச்சயமாக எதிர்பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. என் எண்ணம் பிழைத்துவிட்டது."

கழுவிய தண்ணீர் எல்லாம் கண்முன்னே ஓடியது. கறுத்த தண்ணீர், வாளி வாளியாக, நிலவறையின் மூலையில் கழிவுநீர் ஓடும் காணுக்குள் நானே ஊற்றியது. ஏழு வீட்டுப் பெண்களும் ஊதி ஊதி எரித்த நெருப்பு அது. அதை ஊற்றிவிட்டு நான் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"நான் நாளைக்கு அவரிட்டச் சொல்லப்போறன்," என்றேன்.

"சொல்லிப்போட்டு?"

"சொல்லாமல் எப்பிடி இருக்கிறது? அந்த மனுசன் தன்ர எண்ணம் பிழையெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

"நீர் சொன்னால் அவர் சந்தோசத்தில கடிதம் எழுதித் தருவாரோ?" என்றார். பிறகு குரல் தணிந்தது. "இஞ்சேரும், ஆவணிக்கு இன்னும் ஏழு கிழமைதான் இருக்கு. எழுநூறு வருசம் பொறுத்த சட்டி இன்னும் கொஞ்சம் பொறுக்கும். முதல்ல பிள்ளை வரட்டும். பிறகு நீர் ஆரிட்டயும் என்னவும் சொல்லும்."

அவர் சொன்னதில் பிழை இருந்ததாக எனக்கு அப்போது படவில்லை. இப்போதும் முழுதாகப் படவில்லை. அதுதான் என் வேதனை.

அடுத்த கிழமை பேராசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, ஆவணியைச் சொல்லி மூன்று மாதம் முடியுமுன்னே தரும்படி நான் கேட்டிருந்த கடிதம், தட்டச்சு செய்து கையெழுத்துக்குக் காத்திருந்தது. மற்றது அவர் எழுதிக்கொண்டிருந்த அறிக்கை. பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு விஷயம். நீங்கள் கழுவும்போது எந்தத் துண்டிலாவது கறுப்பாக ஏதும் கண்டீர்களா? ஒரு துண்டில் என்றாலும் போதும்."

குற்றம் பிடிக்கிற குரலில் அவர் கேட்கவில்லை. கெஞ்சுகிற குரலில் கேட்டார். அதுதான் என்னைக் கொன்றது. அதட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், கோபத்தில் உண்மை வாயில் வந்திருக்கும். ஓம், எல்லாத் துண்டிலும் இருந்தது, ஏழு வீட்டிலும் சமைத்தார்கள், அடிப்பிடிக்க அடிப்பிடிக்கச் சமைத்தார்கள், பெருவிரல் தடிப்புக்குக் கரி, நான் என் கண்ணால் கண்டேன், இந்தக் கையால் தேய்த்தேன் என்று கத்தியிருப்பேன். என் கண் அவர் கையிலிருந்த பேனாவிலேயே நின்றது.

"இல்லை," என்றேன். "மண் மட்டும்தான்."

அவர் தலையசைத்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதிவிட்டு என்னிடம் நீட்டி, மகள் விரைவில் வந்து சேரட்டும் என்று வாழ்த்தினார். நான் நன்றி சொன்னேன். வெளியே வந்து பெண்கள் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோசத்தில்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அறிக்கையை அவர் துறையில் உள்ளவர்கள் முன் வாசித்தபோது எனக்கும் பின்வரிசையில் ஒரு கதிரை போட்டார்கள். அதன் முடிவில் ஒரு வசனம் வந்தது: இந்த வீடுகளில் யாரும் சமைக்கவில்லை. அவர் தொடர்ந்தார். அடுப்பில்லாத இவை குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள் அல்ல, வேலை செய்து களைத்தவர்கள் படுத்து எழும்பிய இடங்கள் என்றே கொள்ளவேண்டும். கேட்டவர்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீடில்லையாம். கஞ்சி அடிப்பிடிக்க விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்க ஓடியவள் ஒருத்தி அங்கே இருந்தாள் என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த அறிக்கை பிறகு சிறு நூலாக அச்சானது. நன்றியுரையில், கவனமாகக் கழுவியதற்காக என்னையும் ஒரு வரியில் சேர்த்திருந்தார். பெயரைச் சரியாக எழுதியிருந்தார்.

மகள் ஆவணிக்கு முதல் வந்துவிட்டாள். விமானப் பணிப்பெண் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, எண்ணெய் வழிய இரட்டைப் பின்னலோடு வந்தாள். என்னைக் கண்டதும் ஓடிவரவில்லை. நான்தான் ஓடினேன். என் தோளில் முகத்தை வைக்காமல், தலையைப் பின்னுக்கு எடுத்து என்னை ஒருமுறை பார்த்தாள். அக்கா அனுப்பிய படத்தில் இருந்ததைவிட வளர்ந்திருந்தாள்.

அறைக்குள் வந்து நாலு பக்கமும் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், கேத்திலைப் பார்த்தாள். அங்கே ஒரு பக்கத்தில் திரை இருந்தது. அதை விலக்கிப் பின்னால் பார்த்தாள். எங்கள் உடுப்புகள்தான் தொங்கின.

"அம்மா, குசினி எங்க?"

"கீழ இருக்கு, செல்லம். அது அந்த அம்மான்ர."

"அப்ப எங்கட வீடு எங்க?"

கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு ரயில் பார்க்கப் போனார்.

இரண்டு நாளில் செவ்வாய் வந்தது. பிள்ளைக்காக அந்தக் கிழமை வேலைக்கு லீவு போட்டிருந்தேன். கேற் சாத்தப்பட்டதும் அடுப்பை எடுத்தேன். அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு என் கையால் குழைத்து ஊட்டினேன். மூன்றாவது கவளத்தில் அவள் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அந்த நேரம் எனக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பிறகு மணி மூன்றானது. சட்டியின் கரியைத் தேய்க்கத் தொடங்கினேன். சுவரைத் துடைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அம்மா எல்லாத்தையும் ஒளிக்கிறீங்கள்?"

"நாங்கள் சமைக்கிறது அந்த அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சால் எங்களை வெளியில விட்டிடுவா. அவ கேட்டால் நீ ஒண்டு மட்டும் சொல்லோணும்." அவளுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. மூன்று சொற்களைச் சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, இரண்டாம் தடவையே பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு அந்த அம்மா திரும்பி வந்தாள். நாங்கள் படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். அவள் தொப்பியைக் கழற்றியபடி மூக்கைச் சுளித்து மேலே பார்த்தாள். பிறகு குனிந்து, சிரித்துக்கொண்டு, இன்றைக்கு அம்மா என்ன சமைத்துத் தந்தா என்று என் மகளிடம் கேட்டாள்.

மகள் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள், வகுப்பில் பாடம் ஒப்புவிப்பதைப் போல.

"நோபடி குக்ஸ் ஹியர்," என்றாள்.

இங்கே யாரும் சமைப்பதில்லை. கிட்டத்தட்ட மண்டபத்தில் கேட்ட அதே வசனம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அது எனக்கு உறைக்கவில்லை. அவள் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று. நான் ஓம் என்று தலையாட்டினேன்.